கொம்பு வைக்காத வைக்கிங்குகள்: மல்லாவியிலிருந்து புதுக்குடியிருப்புக்கு 57 கிலோமீற்றர்

போன வாரம் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: மல்லாவியிலிருந்து மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகப் புதுக்குடியிருப்புக்குச் சைக்கிளில் போக நினைக்கிறோம், எவ்வளவு நேரம் எடுக்கும், நீங்கள் போயிருக்கிறீர்களா என்று. போயிருக்கிறேன். முழுத் தூரமும் ஒரே ஒரு முறை, 1997 மாசி மாதத்தில். அதுவும் சைக்கிளில் ஏறிப் போகவில்லை. ஆறடி நீளமான வைக்கிங் கப்பல் ஒன்றை இரண்டு சைக்கிள்களுக்கு நடுவே கட்டி, தள்ளிக்கொண்டு நடந்து போனேன். இரண்டு நாள் எடுத்தது. அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூரம், நேரம் எல்லாம் எனக்கு நினைவிருக்கிறபடி சரியாகவே தருகிறேன். இடையில் நான் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் ஓர் அறையில் இருந்தேன். அங்கிருந்து பதினொரு கிலோமீற்றர் உள்ளே ஒரு சின்னப் பாடசாலையில் வரலாறு படிப்பித்தேன். பாடசாலை என்றால் நான்கு தென்னோலைக் கிடுகுக் கொட்டில்கள், அவ்வளவுதான். படித்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள், கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பதினோராம் ஆண்டு, சாதாரண தரம் வரைதான் வகுப்பு இருந்தது. மேலே படிக்க வேண்டுமென்றால் மல்லாவிக்குப் போக வேண்டும். பஸ் இல்லை, பாதி வழி காடு. அந்த வருடம் சாதாரண தரம் எழுதிவிட்டு ஒன்பது பெண்பிள்ளைகள் நின்றார்கள். எங்கள் கொட்டிலிலேயே உயர்தரக் கலைப்பிரிவு தொடங்கினால் ஒன்பது பேரும் படிப்பார்கள். இல்லாவிட்டால் வயல் வேலைக்குப் போவார்கள்.

வகுப்புக்குப் பரிந்துரை எழுத வேண்டிய அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "புதுக்குடியிருப்பில சமூகக்கல்விக் கண்காட்சி வருது மாஸ்டர். அதில ஒரு முதலிடம் எடுத்துக் காட்டுங்கோ. உங்கட பள்ளிக்கூடத்துக்குத் தராதரம் இருக்கு எண்டு எழுத எனக்கும் ஒரு சாட்டு வேணுமல்லே?"

ஒன்பது பிள்ளைகளின் படிப்புக்குச் சாட்டுத் தேட வேண்டியிருந்தது. அப்போதே எனக்குக் கோபம் தொடங்கிவிட்டது. ஆனால் வேறு வழியில்லை, ஓம் என்றேன்.

கண்காட்சியின் பொருள், உலகத்தில் மனிதர் வாழ்ந்த விதம். தலைப்புகளைச் சீட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு பாடசாலைகளுக்குக் கொடுத்தார்கள். எங்களுக்கு விழுந்தது வைக்கிங் கால வாழ்க்கை. எங்களோடு போட்டிக்கு ஒரு பெரிய பாடசாலை. இரண்டில் ஒன்று ஜெயிக்கும், அவ்வளவுதான்.

வைக்கிங்குகள் யாரென்று தெரியாதவர்களுக்கு: ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்பு நோர்வே, சுவீடன், டென்மார்க் பக்கங்களில் வாழ்ந்தவர்கள். கப்பலில் வந்து கொள்ளையடித்தார்கள், கோயில்களை எரித்தார்கள், மனிதரைப் பிடித்து அடிமையாக்கி விற்றார்கள். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை, பிள்ளைகளுக்கும் மறைக்கவில்லை. ஆனால் கொள்ளைக்குப் போனது சிலர், அதுவும் சில மாதங்கள். மற்றக் காலமெல்லாம் அவர்கள் வாற்கோதுமை விதைத்தார்கள், மாடு வளர்த்தார்கள், மீன் காயவைத்தார்கள், கம்பளி நெய்தார்கள். நீளமான ஒரே வீட்டில், நடுவில் நெருப்பு மூட்டி, இரண்டு பக்கமும் மண்மேடையில் படுத்தார்கள். வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கொத்தைப் பெண்கள் இடுப்பில் தொங்கவிட்டிருந்தார்கள். வழக்கு வம்புகளை வெளியில் கூட்டம் கூடிப் பேசித் தீர்த்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் குளித்தார்கள், தினமும் தலை வாரினார்கள். இப்படிச் சுத்தமாக இருந்து பெண்களை மயக்குகிறார்கள் என்று இங்கிலாந்தில் ஒரு துறவி குறைபட்டு எழுதிவைத்திருக்கிறார். இதைச் சொன்னபோது வகுப்பு முழுக்கச் சிரித்தது.

அடுத்தது தலைக்கவசம். வைக்கிங் என்றால் எல்லோருக்கும் கொம்பு வைத்த தொப்பிதான் நினைவுக்கு வரும். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த வைக்கிங் தலைக்கவசம் எதிலும் கொம்பு கிடையாது. பல நூறு வருடங்களுக்குப் பிறகு மேடை நாடகக்காரர் ஒட்டிவிட்ட கொம்பு அது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது நான் அள்ளிக்கொண்டு வந்த அட்டையில்லாத ஒரு புத்தகத்தில் இதெல்லாம் விளக்கமாக இருந்தது. நான் படித்துச் சொல்லச் சொல்ல எழுதி எடுத்தவள் செல்வராணி. பதினேழு வயது, அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. எதையும் இரண்டு தரம் கேட்டுத்தான் நம்புவாள்.

கப்பலைச் செய்தவர் அவளுடைய தகப்பன் மாரிமுத்து அண்ணை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், வன்னிக்கு வந்து வயலும் தச்சும் செய்தார். கடலைக் கண்டது ஒரே தரம், முள்ளிவாய்க்காலில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது. வைக்கிங் கப்பலில் பலகையை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஆணி அடிப்பார்கள் என்று படத்தைக் காட்டினேன். "ஓடு அடுக்குற மாதிரிங்க சேர்" என்றார், விளங்கிவிட்டது. பொருளாதாரத் தடை இருந்த அந்தக் காலத்தில் வன்னிக்குள் ஆணி கிடைப்பது குதிரைக் கொம்பு. பழைய சைக்கிள் கம்பிகளைத் துண்டு துண்டாக வெட்டி, பால்மா ரின்னில் சின்ன வட்டங்கள் நறுக்கி, இரண்டு பக்கமும் அடித்து மடக்கினார். வைக்கிங்குகள் இடுக்குகளைக் கம்பளியும் தாரும் வைத்து அடைத்தார்கள். நாங்கள் கந்தல் துணியும், உடைந்த வீதியில் பெயர்ந்து கிடந்த தாரும் வைத்து அடைத்தோம். பாய்க்கு நிவாரணத்தில் கிடைத்த நீலத் தறப்பாள், அதில் செங்கல் தூளால் கோடு. ஒரு கேணியில் இறக்கிப் பார்த்தோம், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

நீளவீட்டின் மாதிரியைச் செல்வராணி செய்தாள். அதைப் பார்த்துத் தகப்பன் சொன்னார்: "நாங்க லயத்துல பத்துக் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தோங்க சேர். இவங்க மாட்டையும் உள்ள கட்டியிருக்காங்க. அந்தக் குளிருக்கு அது நல்ல யோசனைதான்." வீட்டின் கடைசியில், மாட்டுக்குப் பக்கத்தில், ஒரு களிமண் ஆளைச் செல்வராணி சுருண்டு படுக்க வைத்திருந்தாள். அது யார் என்று கேட்டேன். "அடிமை, சேர். அவனும் அந்த வீட்டிலதானே இருந்தவன்" என்றாள்.

இனிப் பயணம். முதல் நாள் காலை 5.00 மணிக்கு மல்லாவிச் சந்தியிலிருந்து புறப்பட்டோம். மாரிமுத்து அண்ணையின் ஏற்பாடு இது: இரண்டு சைக்கிள்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, ஹாண்டிலுக்குக் குறுக்கே ஒரு தடி, கரியருக்குக் குறுக்கே ஒரு தடி, தடிகளின்மேல் கப்பல். இடம்பெயர்ந்தபோது வீட்டுக் கதவையும் அலுமாரியையும் சனம் இப்படித்தான் கொண்டு வந்தது. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ள வேண்டும், ஏறி ஓட முடியாது. மூன்றாவது சைக்கிளில் நீளவீடும் மற்றச் சாமான்களுமாகச் செல்வராணி. மல்லாவி – மாங்குளம் 17 கிலோமீற்றர். வீதி என்று பெயர்தான், கிடங்குக்கும் கிடங்குக்கும் நடுவே கொஞ்சம் கிரவல். 10.10க்கு மாங்குளம். சந்தியில் ஒரு அம்மாவின் கடையில் பிளேன் ரீ ஆறு ரூபாய், சீனி இல்லை, கடிக்கப் பனங்கட்டித் துண்டு. கப்பலைப் பார்த்துவிட்டு அவா ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடங்களில் சைக்கிளில் போகாத பொருள் என்று ஒன்று இருக்கவில்லை.

கேட்டது சந்திச் சென்றியில் காவல் நின்ற இயக்கப் பெடியன்தான்.

"அண்ணை, இதென்ன சாமான்?"

"வைக்கிங் கப்பல், தம்பி. கண்காட்சிக்குக் கொண்டு போறம்."

"எங்கத்தையான் கப்பல்?"

"நோர்வேப் பக்கம். ஆயிரம் வருசத்துக்கு முந்தினது."

குனிந்து மணந்து பார்த்தான். "ஆயிரம் வருசத்துக்கு முந்தினது எண்டால் ஏன் அண்ணை இப்பவும் தார் மணக்குது?"

செல்வராணிதான் முன்னுக்கு வந்து, இது மாதிரி, தகப்பன் செய்தது, பாய் இப்படி, துடுப்பு இப்படி என்று சொல்லிக் கொடுத்தாள். எஞ்சின் எங்கே பூட்டுவார்கள் என்று அவன் கேட்டான். எஞ்சின் இல்லை, காற்றில்லாவிட்டால் எல்லோரும் சேர்ந்து வலிப்பார்கள் என்றாள். "எங்கட மீன்பிடி ஆக்களும் இப்ப அப்பிடித்தான், எண்ணெய் எங்கை கிடக்கு" என்று சொல்லி வழிவிட்டான். அங்கே 25 நிமிடம் போனது.

மாங்குளம் – ஒட்டுசுட்டான் 22 கிலோமீற்றர். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு தரம் ரியூப் வெடித்தது. மாலை 6.00க்கு ஒட்டுசுட்டான் போய்ச் சேர்ந்து, ஒரு பாடசாலை மண்டபத்தில் படுத்தோம். கால் வீங்கிவிட்டது. மாரிமுத்து அண்ணை படுக்கவில்லை, கப்பலில் எந்த ஆணியாவது ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலை 5.30க்குப் புறப்பாடு. புதுக்குடியிருப்புக்கு இன்னும் 18 கிலோமீற்றர். பாதி வழியில் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. நானும் செல்வராணியும் வாய்க்காலுக்குள் பாய்ந்தோம். இந்த மனிசன் பாயவில்லை. மேலேயிருந்து பார்த்தால் நீலத் தறப்பாள் தெரியும் என்று, கொப்பு முறித்துக் கப்பலை மூடிக்கொண்டு நின்றார். நான் கத்தினேன், செல்வராணி அழுதாள். விமானம் வேறு எங்கோ போய்விட்டது. "பலகை போனா வேற பலகைக்கு எங்கங்க சேர் போறது?" என்றார். அவரை நான் திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல.

11.00 மணிக்குப் புதுக்குடியிருப்பு. மண்டபத்தில் எங்கள் மேசைக்கு நேர் எதிர் மேசை அந்தப் பெரிய பாடசாலைக்கு. காட்போட் கப்பல், தங்க நிறத் தாள். கொம்பு வைத்த தொப்பியோடு மூன்று பிள்ளைகள் வாள் பிடித்து நின்றார்கள். தரையில் ஒரு துறவிப் பொம்மை, அதன்மேல் சிவப்பு மை. வீடு இல்லை, அடுப்பு இல்லை, மாடு இல்லை. வைக்கிங் கால வாழ்க்கை என்ற தலைப்புக்கு அவர்கள் வைத்தது ஒரு கொலை மட்டும். எங்கள் மேசையில் கப்பல், நீளவீடு, கூட்டம் கூடும் இடம், பக்கத்தில் ஆள் அளவுப் பொருட்கள்: எலும்புச் சீப்பு, திறப்புக் கொத்து, அலுமினியச் சட்டியில் அடித்த கொம்பில்லாத தலைக்கவசம். ஜெயித்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன்.

இரண்டு மணிக்கு நடுவர் வந்தார். ஓய்வுபெற்ற அதிபர், நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். கப்பலின் ஆணிகளைத் தடவிப் பார்த்தார், செல்வராணியிடம் கேள்வி கேட்டார், தலையாட்டினார். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாஸ்டர், எல்லாம் வடிவாய் இருக்கு. கொம்பு எங்கை?"

"வைக்கிங் ஆக்கள் கொம்பு வைச்ச தொப்பி போடயில்லை, ஐயா."

"அங்கை வைச்சிருக்கினம், பாருங்கோ. நான் நாலு மணிக்குத் திரும்பி வருவன். அதுக்குள்ள யோசியுங்கோ."

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சந்தைக்கு ஓடினேன். இறைச்சிக் கடையில் இருபது ரூபாய் கொடுத்து ஒரு சோடி ஆட்டுக் கொம்பு வாங்கினேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்து அதைச் செல்வராணியிடம் நீட்டினேன்.

"இதை நான் வைக்க மாட்டன், சேர்."

"பிள்ளை, ஒன்பது பேரின்ர படிப்பு."

"தெரியும் சேர். அந்த ஒன்பதில நானும் ஒராள்."

நான் தகப்பனைப் பார்த்தேன். அவராவது சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "சேர், நீங்க சொன்னதத்தான் அவ படிச்சா. இப்ப நீங்களே வேற மாதிரி சொன்னா, அவ எதங்க எழுதுறது?"

பிறகு செல்வராணியே என் கையிலிருந்து கொம்புகளை வாங்கினாள். கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுக் கழுவினாள். தலைக்கவசத்துக்குப் பக்கத்தில், ஒரு மரக் கிண்ணத்தோடு, வரிசையாக வைத்தாள். ஒரு மட்டையில் எழுதினாள்: "குடிகலம். வைக்கிங் மக்கள் கொம்பில் பானம் குடித்தார்கள். தலையில் அணியவில்லை." அது முழு உண்மை. புத்தகத்தில் இருந்தது. எனக்கு நினைவு வராதது அவளுக்கு வந்தது.

நாலு மணிக்கு நடுவர் அந்த மட்டையை வாசித்தார். மெல்லச் சிரித்தார், எதையோ எழுதினார், போனார். ஐந்து மணிக்கு முடிவு சொன்னார்கள். முதலிடம் காட்போட் கப்பலுக்கு.

நான் நேரே நடுவரிடம் போனேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றார். என்னைக் கண்டதும் தோளில் கை வைத்தார்.

"மனம் நோகாதேங்கோ மாஸ்டர். கொம்பு இல்லை எண்டு எனக்கும் தெரியும்."

"அப்ப ஏன் ஐயா?"

"அந்தப் பெரிய பள்ளிக்கூடம் கொம்பில்லாமல் செய்திருந்தால், சனம் 'அட, இது எங்களுக்குத் தெரியாமல் போச்சே' எண்டு சொல்லும். உங்கட பிள்ளையள் தோட்டப் பக்கத்துப் பிள்ளையள். அதுகள் கொம்பில்லாமல் செய்தால், 'பாவம், அதுகளுக்குத் தெரியாது' எண்டுதான் சொல்லும். நான் முதலிடம் போட்டால் என்னையும் சேர்த்துத்தான் சிரிக்குங்கள். அதுக்குத்தான் கொம்பை வையுங்கோ எண்டனான்."

தெரியாமல் தவறு விட்டவரோடு சண்டை பிடிக்கலாம், புத்தகத்தை விரித்துக் காட்டலாம். எல்லாம் தெரிந்தவரிடம் எதைக் காட்டுவது? தோட்டப் பக்கத்துப் பிள்ளையள் என்ற சொல்லை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவுமில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டிலும் மலையகத்து ஆட்களைப் பற்றி அதைவிடக் கேவலமான சொல்லைச் சாதாரணமாகச் சொல்லுவார்கள். நானும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். அவரை நன்றாக நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி ஐயா" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த நாள் காலை 5.00க்குத் திரும்பப் புறப்பட்டோம். கப்பலை அங்கேயே காட்சிக்கு விட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டார்கள். மாரிமுத்து அண்ணை மறுத்துவிட்டார், தறப்பாள் வீட்டுக் கூரைக்கு வேண்டும் என்றார். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட வரும்போது செல்வராணி சொன்னாள்: "பாவம் சேர் அந்த ஐயா. அவருக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கயில்லைப் போல. தெரிஞ்சிருந்தால் எங்களுக்குத்தான் போட்டிருப்பார்." சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போனாள். நான் ஒன்றும் பேசவில்லை. மல்லாவி வரைக்கும் பேசவில்லை.

அதிகாரி பரிந்துரை எழுதவில்லை. ஒன்பது பேரில் மூன்று பேர் மல்லாவியில் சொந்தக்காரர் வீடுகளில் நின்று படித்தார்கள். ஆறு பேர் படிப்பை விட்டு நின்றுவிட்டார்கள். செல்வராணி அந்த ஆறில் ஒருத்தி. இப்போது வவுனியாவில் தையல் கடை வைத்திருக்கிறாள். கொம்பை வைத்திருந்தால் வகுப்புக் கிடைத்திருக்குமா என்று பல தரம் யோசித்திருக்கிறேன். கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் சொன்னது சரியா, அவள் செய்தது சரியா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் முன்னால் கொண்டுவந்து வைத்தவர்களில் நானும் ஒருவன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி கேட்ட நண்பருக்கு: இப்போது வீதி நல்லது, சைக்கிளில் நான்கு அல்லது ஐந்து மணித்தியாலம் போதும். விடிய முன் வெளிக்கிடுங்கள், மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில் நிழல் குறைவு, தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர் எடுங்கள். உபரி ரியூப் இரண்டு, பம்ப் ஒன்று. மழைக்காலத்தில் போக வேண்டாம். வழியில் யாராவது, உங்களுக்குத் தெரியாது என்று நினைத்து ஏதாவது சொல்ல வந்தால், சொல்லி முடிக்க விடுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்ததை உரத்துச் சொல்லுங்கள், என்னைப் போல வாயை மூடிக்கொண்டு வராதீர்கள்.

செல்வராணி, இந்தப் பதிவுகளை நீ வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன தைப்பொங்கலுக்குக் கதைத்தபோதும், அந்த ஐயா பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் சொன்னாய். நான் ஓம் என்றேன். அவருக்குத் தெரியும், பிள்ளை.